விலை கொடுத்தும் குடியிருப்போரா?

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் லயன் அறைகளில் வாழ்வோருக்கு 'உடைமை' என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுவர் பூசி, கூரை செப்பனிட்டு வாழ்ந்தபோதும் அவ்வறை தோட்டத்துக்கே உரியது. குடியிருத்தல் வேறு, உடைத்தாயிருத்தல் வேறு என்னும் இக்கசப்பான பாடம் இன்று கையடக்கத் தொலைபேசிக்குள்ளும் புகுந்துள்ளது.

இலத்திரனியல் நூலின் கீழே 'வாங்குக' என்று எழுதப்பட்டிருக்கின்றது. விலையும் அறவிடப்படுகின்றது. ஆனால், எவரும் படித்திராத நீண்ட உடன்படிக்கையின் ஒரு மூலையில், வழங்கப்படுவது வாசிப்பதற்கான அனுமதி மட்டுமே என்று கூறப்படுகின்றது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகியவற்றின் சில பதிப்புகளை, வெளியிட்டவருக்கு உரிமையில்லை எனக் கூறி, வாசகரின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே அழித்தது. ஆவணங்களை அழிக்கும் ஆட்சியைச் சாடிய நூலுக்கே இக்கதி! மாணவனொருவன் எழுதிவைத்த குறிப்புகளும் பயனற்றுப்போயின. 2019இல் மைக்ரோசொஃப்ட் தன் இலத்திரனியல் நூற்கடையை மூடியபோது, அது விற்ற நூல்கள் அனைத்தும் மறைந்தன.

பணத்தைத் திருப்பித் தந்தோமே என்பர். விற்ற புத்தகத்தை மீட்பதற்காக, பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டினுள் நுழையும் கடைக்காரனை எவர் பொறுப்பர்?

இத்தகைய படிகளை எளிதிற் பெருக்கலாம்; எழுத்தாளனின் உழைப்பு களவாடப்படும் என்பது எதிர்வாதம். உழைப்பின் அருமையை மலையகத்தாருக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. பெருக்கும் உரிமை இங்கு கேட்கப்படவில்லை. வாங்கிய ஒரு படியை வைத்திருக்கவும், இரவல் கொடுக்கவும், பிறருக்கு வழங்கவும் உள்ள உரிமையே கேட்கப்படுகின்றது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் உயர்தரம் கற்றது, அண்ணனும் அயல்வீட்டு அக்காவும் படித்துக் கைமாற்றித் தந்த நூல்களாலேயே. அச்சங்கிலியை அறுப்பது வறியோரின் கல்வியை அறுப்பதாகும்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், அனுமதியை மட்டும் விற்போர் அதனைத் தெளிவாகக் கூறாது 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் மக்களைத் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடைசெய்கின்றது. அது இவ்வாணிகத்தின்மீதும் பாயவேண்டும். விற்பதாயின் முழுமையாக விற்கட்டும்; வாடகையாயின் வாடகை என்று கூறி, அதற்குரிய விலையை மட்டும் பெறட்டும். லயனில் தொடங்கிய உடைமையற்ற வாழ்வு, கற்றவரின் நூலடுக்கிலும் தொடர இடமளித்தல் தகாது.