வேஷம் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் படியுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் நம் உறவினர் குழுவிலும், பழைய மாணவர் குழுவிலும் ஒரே வீடியோ வந்தது. அமெரிக்கப் பாடகர் ஜனெல் மோனே கறுப்பு வெள்ளை கோட்டு சூட்டில் ஆடிப் பாடுகிறார். கீழே, "ஆணும் இல்லையாம், பெண்ணும் இல்லையாம். பேர் வாங்க ஒரு வேஷம்" என்று எழுதியிருந்தது. அதற்கு இருபது முப்பது சிரிப்புப் பொம்மைகள்.

கருத்து சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் பாடத்தைப் படிக்காமல் விடை எழுதினால் நான் மதிப்பெண் போட்டதில்லை. இன்றும் போட மாட்டேன்.

முதலில் அந்த உடை. மோனே 1985இல் கான்சாஸ் மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் பிறந்தவர். அம்மா துப்புரவுப் பணியாளர். அப்பா குப்பை லாரி ஓட்டியவர். வளர்ப்புத் தந்தைக்குத் தபால் துறையில் வேலை. மூவருமே சீருடை போட்டு உழைத்தவர்கள். மோனேயும் பாட வந்த புதிதில் வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர்தான். அந்த உழைப்பை மதித்துத்தான் மேடையில் கறுப்பு வெள்ளையைத் தன் சீருடையாக வைத்துக்கொண்டதாக 2012இல் ஒரு விருது மேடையில் அவரே சொன்னார். நீங்கள் வேஷம் என்று சிரித்தது ஒரு துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளை பெற்றோருக்குச் செய்த மரியாதையைப் பார்த்து.

அடுத்து, "பேர் வாங்க" என்ற குற்றச்சாட்டு. நியூயார்க்கில் இசை நாடகம் படித்துவிட்டு அட்லாண்டாவுக்குப் போனார். எழுதுபொருள் விற்கும் கடையில் வேலை செய்தார். கடைக் கணினியில் ரசிகர்களுக்குப் பதில் எழுதியதற்காக அந்த வேலையும் போனது. 2003இல் முதல் பாடல் தொகுப்பைச் சொந்தமாக வெளியிட்டுக் கையாலேயே விற்றார். அவுட்காஸ்ட் குழுவின் பிக் பாய் அவர் திறமையைக் கண்டு வாய்ப்புக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

2007இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' தொகுப்பின் பெயர், ஃபிரிட்ஸ் லாங் 1927இல் எடுத்த ஜெர்மானிய மௌனப் படத்திலிருந்து வந்தது. மேலே செல்வந்தர்கள், பூமிக்கு அடியில் தொழிலாளர்கள் என்று பிரிந்து கிடக்கும் நகரம் அது. மோனே அதில் சிண்டி மேவெதர் என்ற இயந்திரப் பெண்ணைப் படைத்தார். சிண்டி ஒரு மனிதனைக் காதலிக்கிறாள். அந்தக் குற்றத்துக்காக அவளைக் கழற்றிப் போட உத்தரவு வருகிறது. யாரை நேசிக்கலாம் என்று அதிகாரம் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. 2010இல் 'தி ஆர்ச்ஆண்ட்ராய்டு', 2013இல் 'தி எலக்ட்ரிக் லேடி' என்று இரண்டு ஆல்பங்களிலும் இதே கதை தொடர்ந்தது. 'டைட்ரோப்' பாட்டில் அவர் கால்கள் போகும் வேகத்தைப் பாருங்கள், ஜேம்ஸ் பிரவுன் தெரிவார். ஆண் உடை, பெண் உடை என்ற கோட்டை மேடையில் அழித்துக் காட்டிய பிரின்ஸும் டேவிட் போவியும் அவருக்கு முன்னோடிகள். அந்த பிரின்ஸே 'தி எலக்ட்ரிக் லேடி'யில் அவரோடு சேர்ந்து பாடினார்.

இத்தனை காலமும் சொந்த வாழ்க்கை பற்றிக் கேட்டால், ஆண்ட்ராய்டுகளைத்தான் காதலிப்பேன் என்று நழுவிவிடுவார். அவருடையது கட்டுப்பாடான பாப்டிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம், பெரிய சொந்தபந்தம். எந்தப் பாலினத்தவரையும் நேசிக்கக்கூடியவர் தான் என்று வெளிப்படையாகச் சொன்னது 2018இல். ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் தான் அடங்கவில்லை என்று சொன்னது 2022இல். அதற்குள் கிராமி பரிந்துரைகள் வந்துவிட்டன. 'மூன்லைட்', 'ஹிடன் ஃபிகர்ஸ்' படங்களில் நடித்தும் முடித்துவிட்டார். பேர் வாங்குவதற்காகச் சொல்கிறவர் இத்தனை வருடம் காத்திருப்பாரா? காலவரிசையைப் பாருங்கள், கணக்கு உதைக்கிறது.

"சரி டீச்சர், ஒருத்தரைப் போய் 'தே' என்று பன்மையில் சொல்வது இலக்கணப் பிழை இல்லையா?" என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். மோனே 'ஷி', 'தே' இரண்டையும் ஏற்கிறார். இருந்தாலும் தமிழ் படித்தவர் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? 'அவர்' என்பது பலர்பால். அதைத்தான் ஒரே ஒருவருக்கு மரியாதையாகச் சொல்கிறோம். ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது வழக்கில் உள்ளது என்று தொல்காப்பியரே சொல்லதிகாரத்தில் ஏற்றுக்கொண்டார். இந்தப் பதிவு முழுக்க மோனேயை 'அவர்' என்றே எழுதியிருக்கிறேன். உங்களில் யாருக்காவது படிப்பதில் இடறியதா?

மோனே உங்கள் சிரிப்பைப் பார்க்கப் போவதில்லை. அவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அந்தக் குழுக்களில் கல்லூரி படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் உங்கள் போனை எடுத்துப் பார்க்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது. முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன், ஒவ்வொரு வகுப்பிலும் தன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பிள்ளையாவது இருக்கும். அது நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். எந்தப் பெரியவரிடம் மனம் திறந்து பேசலாம், யாரிடம் வாயே திறக்கக் கூடாது என்று அந்தச் சிரிப்பை வைத்துத்தான் முடிவு செய்யும். அப்படி ஒதுங்கிப்போன பிள்ளையை மறுபடி பக்கத்தில் கொண்டுவருவது சாமானியமான வேலை இல்லை.

அந்த வீடியோவை அனுப்பியவர் நீக்கிவிட்டால் சந்தோஷம். பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், எனக்கும் எல்லாப் பாட்டும் பிடிக்கவில்லை. மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன். கேலி மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்