கோப்பின் பெயரைச் சுருக்கச் சொல்ல இவர்கள் யார்?

கணினி சொல்லித்தரும் எந்த இடத்துக்குப் போனாலும் ஓர் உபதேசம் தவறாமல் கிடைக்கும். கோப்புக்குப் பெயரை ஆங்கிலத்தில் வையுங்கள், சின்னதாக வையுங்கள், இடைவெளி விடாதீர்கள், வேண்டுமானால் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டால் "அப்பதான் எல்லா சிஸ்டத்துலயும் திறக்கும்" என்பார்கள். அதோடு கேள்வி முடிந்துவிடும். முடியக் கூடாது. இந்த உபதேசத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது பெயர் வைத்தவர். ஏறியிருக்க வேண்டியவர்கள் மென்பொருள் எழுதியவர்கள்.

தமிழ்த்துறை ஆய்வு மாணவி ஒருவர் தன் விண்டோஸ் மடிக்கணினியில் இப்படி ஒரு பெயரில் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

சங்க இலக்கியங்களில் நெய்தல் நில மக்களின் வாழ்வியல் மூன்றாம் இயல் திருத்தியது நெறியாளர் பார்த்தது

நீளம்தான். ஆனால் இதில் வீணான சொல் ஒன்றுகூட இல்லை. எந்த ஆய்வு, எந்த இயல், யார் பார்த்தது எல்லாம் கோப்பைத் திறக்காமலே தெரியும். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது இதன் அருமை புரியும். எண்ணினால் 51 எழுத்து, நடுவே 10 இடைவெளி. விண்டோஸ் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். அதையே லினக்ஸ் ஓடும் கணினிக்கு அனுப்பினால் 'பெயர் மிக நீளம்' என்று கதவைச் சாத்திவிடும். ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பதும் லினக்ஸ்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு பக்கமும் வரம்பு 255தான். எதை 255 என்று எண்ணுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 16 பிட் அலகுகளை எண்ணுகிறது. தமிழின் ஒவ்வொரு யுனிகோடு குறியீடும் அங்கே ஓர் அலகு. லினக்ஸில் பெரிதும் புழங்கும் எக்ஸ்ட்4 பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், கிரேக்கம், ரஷ்யன், அரபு எழுத்துகளுக்கு 2, தமிழுக்கு 3. போதாததற்குப் புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். 'கோப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்றெழுத்து. யுனிகோடில் 6 குறியீடு. லினக்ஸில் 18 பைட். மாணவியின் பெயர் 86 குறியீடு, அதாவது 258 பைட், இடைவெளிகளோடு 268. பின்னொட்டைச் சேர்க்கும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது. ஆங்கிலத்தில் 51 எழுத்தும் 10 இடைவெளியும் 61 பைட்டில் முடிந்திருக்கும்.

சீனத்துக்கும் 3 பைட்தானே என்று யாராவது கிளம்புவார்கள். உண்மைதான். ஆனால் சீனத்தில் ஓர் எழுத்து பல சமயம் ஒரு சொல்லே ஆகிவிடும். தமிழில் ஒரு 'கோ'வுக்கே 6 பைட் செலவு. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியிலும் தலைப்புக்கு 255 பைட்தான். ஆங்கிலக் கட்டுரைக்கு அது கடல், தமிழுக்கு 85 குறியீட்டில் கரை வந்துவிடும்.

இந்த 255 எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. எக்ஸ்ட்4இல் ஒவ்வொரு கோப்பின் பதிவிலும் பெயரின் நீளத்தைக் குறித்துவைக்க ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 255. அவ்வளவுதான் ரகசியம். இது இயற்கை விதி அல்ல, யாரோ ஒருநாள் எடுத்த முடிவு.

முடிவுகள் மாறும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. பழைய யூனிக்ஸில் 14 எழுத்து. 1985இல் மேக்கிண்டோஷுக்கு வந்த எச்எஃப்எஸ்ஸில் 31. எம்எஸ் டாஸில் பெயருக்கு 8, பின்னொட்டுக்கு 3. அந்த எட்டுக்குள் அடங்க உலகமே பெயர்களின் உயிரெழுத்துகளைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தது. பிறகு 1995இல் விண்டோஸ் 95 வந்தது. பழைய வட்டு அமைப்பைத் தூக்கி எறியாமலே 255 வரை நீளும் பெயரைக் கொண்டுவந்தார்கள். எப்படி? நீண்ட பெயரைப் 13 பதின்மூன்று எழுத்தாக நறுக்கி, டாஸ் கண்டுகொள்ளாத ஒரு விசித்திர அடையாளத்தோடு கூடுதல் பதிவுகளில் ஒளித்துவைத்தார்கள். பழைய மென்பொருளுக்கு ஆறெழுத்து, ஒரு ~ குறி, ஓர் எண் என்று சுருக்கப் பெயர் மட்டும் தெரியும். புதியதற்கு முழுப்பெயர் தெரியும். பழைய வட்டுக் கருவிகளை ஓட்டினால் நீண்ட பெயர்கள் அழிந்துபோகும் ஆபத்து இருந்தது. அதற்காக அவற்றைக் காப்பெடுக்க ஒரு குட்டி நிரலையும் விண்டோஸ் 95 குறுவட்டிலேயே வைத்துக் கொடுத்தார்கள். அழகான ஏற்பாடு என்று சொல்ல முடியாது, ஒட்டுப்போட்ட சட்டைதான். ஆனாலும் மானத்தைக் காத்தது.

ஆகவே "வரம்பை மாற்றினால் பழைய நிரல்கள் உடைந்துவிடும்" என்ற சாக்கு எடுபடாது. கவலை நியாயமானதுதான். 255 பைட்டுக்கு மேல் பெயர் வராது என்று நம்பி எழுதிய நிரல்கள் ஏராளம். ஆனால் ஆங்கிலப் பெயர் எட்டெழுத்தில் அடங்காமல் திணறியபோது தந்திரம் கண்டுபிடித்தார்கள். தமிழ் திணறும்போது பெயரைச் சுருக்கு என்கிறார்கள்.

விண்டோஸ் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகும் முழு முகவரிக்கு 260 என்ற வரம்பைப் பல காலம் கட்டிக்கொண்டு அழுதது. 2016இல் விண்டோஸ் 10இல்தான் அதை நீக்க வழி செய்தார்கள். அதுவும் அமைப்பில் ஒரு விசையைத் திருப்ப வேண்டும், அந்தந்த மென்பொருளும் ஒத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கொடுமை: விண்டோஸின் பழைய குறியீட்டுப் பக்கங்களில் தமிழுக்கு இடமே இருந்ததில்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் வந்தபோதே யுனிகோடாக மட்டும்தான் வந்தது. அதனால் யுனிகோடு தெரியாத மென்பொருளுக்குத் தமிழ்ப் பெயர் முழுக்கக் கேள்விக்குறிகளாகத் தெரியும். விண்டோஸில் கோப்புப் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது. எனவே அந்தப் பெயரைக் கொண்டு கோப்பைத் திறக்கவும் முடியாது!

மறுப்பதைக்கூட மன்னிக்கலாம். கேட்காமல் வெட்டும் மென்பொருளை மன்னிக்கவே முடியாது. தமிழில் வேறுபாடு பெரும்பாலும் பெயரின் கடைசியில் இருக்கும். மூன்றாம் இயல், நான்காம் இயல். வாலை வெட்டினால் இரண்டும் ஒரே பெயராகும், ஒன்றின் மேல் மற்றொன்று போய் உட்கார்ந்துவிடும். போனது பெயர் மட்டுமல்ல, ஒரு இயல்.

பெயர் நீளமாக இல்லாவிட்டாலும் தப்ப முடியாது. 'கோ'வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது க, ஏகாரக் கொம்பு, துணைக்கால் என மூன்று. இரண்டும் சமம் என்று யுனிகோடே சொல்கிறது. மேக்குக்கு 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. ஒரே ஃபோல்டரில் 'கோப்பு' என்று இரண்டு கோப்புகள் நிற்கும். மனிதக் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. இதில் பெயர் வைத்தவர் செய்த பிழை என்ன?

ஆங்கிலத்திலேயே வைத்தால் வம்பில்லையே என்பவர்கள் நிரல் எழுதுபவர்களாக இருந்தால் அவர்கள் வரையில் சரி. நிரலின் உள்கோப்புகளுக்கு என்ன பெயர் இருந்தால் என்ன? ஆனால் தமிழில் மட்டும் எழுதிப் படிக்கும் ஓர் ஆசிரியர், ஊராட்சி எழுத்தர், சங்கச் செயலாளர் தன் ஆவணத்தின் பெயரைத் தானே படிக்க முடியாமல் ஏன் வைக்க வேண்டும்? கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. வரம்பைப் பைட்டில் எண்ணாதே. எண்ணித்தான் தீருவேன் என்றால் பெயர் வைக்கும்போதே மீதி எவ்வளவு என்று காட்டு, அனுப்பும்போது காட்டாதே. வெட்டும் முன் கேள். சமமான இரு வடிவங்களை ஒன்றாக நடத்து. ஜிப் கோப்பில் பெயர் யூடிஎஃப்-8இல் இருக்கிறது என்று குறிக்க 2006இலேயே அதன் வரையறையில் இடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு பிட். அதைக்கூடப் போடாமல் ஜிப் செய்யும் கருவிகளால்தான் பிரித்ததும் தமிழ்ப் பெயர்கள் பூச்சிபூச்சியாக வந்து நிற்கின்றன.