'கேஸ் மாத்திரை'தானே என்று விடலாமா?

பக்கவாதம் வந்தவர் இருக்கும் வீட்டில் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ரத்தம் கட்டாமலிருக்க ஒன்றிரண்டு, பிரஷருக்கு, சுகருக்கு, கொழுப்புக்கு என்று வரிசையாக இருக்கும். கூடவே 'பான்டபிரசோல்' என்று ஒன்று. நம் வீடுகளில் அதற்குப் பெயர் 'கேஸ் மாத்திரை'. கையில் காசு இல்லாத மாதம் முதலில் நிறுத்துவது அதைத்தான்!

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது, "அம்மாவுக்குத்தான் நெஞ்செரிச்சலே கிடையாதே, இது எதுக்கு அண்ணி?" என்று என் கொழுந்தனாரும் கேட்டார். எங்கள் டாக்டரம்மாவிடமே கேட்டேன். ஆஸ்பிரின், வயிற்றின் உள்சவ்வைக் காக்கும் சுரப்பைக் குறைத்துவிடுமாம். அதோடு குளோபிடோகிரெலும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் இன்னும் கூடும். வயதானவர்கள், முன்பே அல்சர் இருந்தவர்கள், மூட்டுவலி மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு ரொம்பவே ஜாக்கிரதை வேண்டும். வலியே இல்லாமலும் கசியும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இது வராமல் தடுக்கத்தான் அந்த மாத்திரை.

அதற்காக, ஆயுசுக்கும் விழுங்க வேண்டும் என்று நினைக்கும் வீடுகளும் இருக்கின்றன. லேசான பக்கவாதத்துக்கு இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் 21 நாள், சிலருக்கு மூன்று மாதம் வரை. பிறகு ஒன்றுதான். அப்போது, "கேஸ் மாத்திரை இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேட்க வேண்டாமா? வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 சத்தும் மக்னீசியமும் குறையலாம். அமிலம் கிருமியைக் கொல்வது. அதைக் குறைத்தால் சிலருக்குக் கிருமித் தொற்றும் வரலாம். வயிற்றுத் தொந்தரவு எதுவுமில்லாத சின்ன வயதுக்காரர், ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டால், அவருக்கு இது தேவைப்படாமலும் போகலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். நாமோ பக்கத்து வீட்டு மாமியோ அல்ல.

மருந்துக் கடையில், "அது ஸ்டாக் இல்லைம்மா, ஓமிபிரசோல் தரேன், ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் வாங்கிவிடாதீர்கள். ஓமிபிரசோல், குளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009-லேயே எச்சரித்திருக்கிறது. இன்னொன்று, மூக்குக் குழாய் வழியாக ஆகாரம் கொடுக்கிறவர்கள் எல்லா மாத்திரையையும் சேர்த்து இடித்துக் கரைக்கிறோம். பான்டபிரசோல் மாத்திரையை இடிக்கக் கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் வயிற்று அமிலமே அதை அழித்துவிடும். வேறு என்ன வழி என்று டாக்டரிடமே கேளுங்கள். வாயால் விழுங்குகிறவர்கள் காலை ஆகாரத்துக்கு அரை மணி முன்னால் விழுங்க வேண்டும்.

இத்தனையும் நாமாகக் கேட்டால்தான் தெரிகிறது. சிலரோ கேட்டால், "நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கீங்களா?" என்று எரிந்து விழுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக எதற்கு, எத்தனை நாள் என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்னவாம்?

- ஒரு குடும்பத் தலைவி, தஞ்சாவூர்