காப்புப் படி என்ற பெயரில் ஒரு கண்கட்டு

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் வழங்கி ரான்சம்வெயர் எனப்படும் பணயத் தீநிரலால் தாக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி முதல் அன்றைய தினம் வரை, ‘ஜிஓவி டொட் எல்கே’ என்று முடியும் அரச முகவரிகளுக்கு வந்த அஞ்சல்களும் அங்கிருந்து போன அஞ்சல்களும் இல்லாதொழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். ஒரு நாடு வங்குரோத்திலிருந்து எழுந்து நடக்க முயன்றுகொண்டிருந்த காலத்தில், அதன் நிர்வாகம் எழுதிய மூன்று மாதத்துக் கடிதப் போக்குவரத்து காற்றில் கரைந்துபோனது.

அப்போது அதிகாரிகள் தெரிவித்த விளக்கங்களை மீண்டும் ஒருமுறை நினைவூட்ட விரும்புகிறேன். ஏனெனில் நமது நாட்டில் எந்த விவகாரமும் அடுத்த விவகாரம் வரும்வரைதான் உயிரோடிருக்கும். தாக்குதல் நிகழ்ந்து 12 மணித்தியாலங்களுக்குள் வழங்கி மீண்டும் இயங்கத் தொடங்கியதாம். ஆனால் அந்த இரண்டரை, மூன்று மாதங்களுக்கான காப்புப் படி இல்லையாம். இணைப்பிலிருந்த காப்புப் படியும் வழங்கியோடு சேர்த்தே பூட்டப்பட்டுவிட்டதாம். பாவனையிலிருந்த மென்பொருள் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை அந்நிறுவனமே 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் யோசனை 2021 முதலே இருந்ததெனவும் நிதி இன்மையால் தாமதித்ததெனவும் கூறப்பட்டது. இனிமேல் இணைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட காப்புப் படி நாள்தோறும் எடுக்கப்படும் என்றும் அறிவித்தார்கள்.

அந்த ‘இனிமேல்’ என்ற சொல்லில்தான் குற்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பூட்டைப் போட்டுவிட்டுத் திறப்பையும் அதே கதவில் தொங்கவிட்டுப் போனவர், திருடனை மட்டும் திட்டுவது எவ்வகை நியாயம்? தாக்கியவன் குற்றவாளி என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவன் அழித்தது ஒரே ஒரு தடவைதான். அழிந்தால் மீளப் பெற முடியாத வகையில் அதனை நாள்தோறும் வைத்திருந்தவர்கள் நமது சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள்.

இங்கே தொழில்நுட்பத்தைச் சற்று விளக்க வேண்டும். பொறுமையோடு வாசியுங்கள். பொறியியலாளர்களுக்கு மட்டுமே விளங்கும் விடயம் என்று இதனை ஒதுக்கி வைத்ததால்தான் அவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை.

முன்னர் ஒவ்வொரு வழங்கியும் தனது தரவைத் தன்னுள்ளேயே, தனது வன்தட்டுகளில் வைத்திருந்தது. இருபது வழங்கிகள் இருந்தால் இருபது இடங்களில் காப்புப் படி எடுக்க வேண்டும். எடுப்பவர் விடுமுறையில் போனால் அன்றைக்குப் படி இல்லை. அதற்கு மாற்றாகத் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பரவியதுதான் ‘ஸ்ரோரேஜ் ஏரியா நெற்வேர்க்’, சுருக்கமாகச் ‘சான்’. வன்தட்டுகளையெல்லாம் வழங்கிகளிலிருந்து பிரித்து ஒரு பெரும் களஞ்சியத்தில் அடுக்கி, பெரும்பாலும் ஒளியிழையாலான தனி வலையமைப்பொன்றினால் வழங்கிகளோடு இணைத்துவிடுவார்கள். ஊழியர்கள் பயன்படுத்தும் சாதாரண வலையமைப்பில் நெரிசலை ஏற்படுத்தாமல், இரவோடிரவாக அந்தத் தனிப் பாதையிலேயே எல்லா வழங்கிகளின் தரவையும் ஓரிடத்திலிருந்து படியெடுக்கலாம். ஆள் குறைவு, நேரம் குறைவு, ஒழுங்கு அதிகம். இது நல்ல ஏற்பாடுதான். சானைத் தூற்றுவதற்காக நான் இதனை எழுதவில்லை.

சிக்கல் இதற்குப் பிறகு தொடங்குகிறது. எல்லாம் ஓரிடத்துக்கு வந்துவிட்டதால், காப்புப் படியையும் அதே களஞ்சியத்தின் இன்னொரு மூலையில் வைத்துவிடலாம் என்ற சோம்பேறித்தனம் எட்டிப் பார்க்கிறது. விற்பனையாளரும் அதற்குத் தூபமிடுகிறார். ஒரு வன்தட்டுப் பழுதடைந்தால் மற்றவை ஈடுசெய்யும் என்கிறார். மணிக்கொரு தடவை தரவின் நிலையை அப்படியே ‘படம்பிடித்து’ வைக்கும் வசதி உண்டு என்கிறார். தொலைவிலுள்ள இன்னொரு களஞ்சியத்துக்கு நொடிக்கு நொடி பிரதிபலிக்கும் என்கிறார். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றில் ஒன்றுகூடத் தன்னளவில் காப்புப் படி ஆகாது. நொடிக்கு நொடி பிரதிபலிக்கும் கண்ணாடியின் முன்னால் உங்கள் முகத்தில் கரியைப் பூசினால் கண்ணாடியிலும் கரிதான் தெரியும். வழங்கியில் ஒரு கோப்பு அழிக்கப்பட்டால் அந்த அழிவும் விசுவாசமாகப் பிரதிபண்ணப்படும். படம்பிடித்து வைத்தவையோ மூலத்தரவு இருக்கும் அதே வன்தட்டுகளில் இருக்கின்றன. களஞ்சியம் விழுந்தால் அவையும் விழும். நிர்வாகியின் கடவுச்சொல் களவு போனால் இரண்டையும் அழிக்க ஒரே கடவுச்சொல் போதும்.

கடவுச்சொல்லை வெளியிலிருந்து வந்துதான் திருட வேண்டும் என்பதுமில்லை. 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அழிந்த விவகாரத்தில் கைதானவர் ஒரு கணினிப் பொறியியலாளர். அந்தச் செய்தியை வாசித்தபின்னும் 2023 நிகழ்ந்தது என்பதை மறக்கலாகாது.

‘இதெல்லாம் வறிய நாட்டின் தலைவிதி’ என்று சொல்பவர்களுக்காக அவுஸ்திரேலியாவுக்குப் போவோம். 2016 டிசெம்பர் 12ஆம் திகதி அந்நாட்டு வரித் திணைக்களத்தின் இணையச் சேவைகள் முடங்கின. உலகின் முன்னணி நிறுவனமொன்று வழங்கிய, ஓராண்டு மட்டுமே பழைமையான சான் பழுதடைந்திருந்தது. திணைக்களமே 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 800 வன்தட்டுகளில் பழுதடைந்தவை 12 மட்டும். ஆனால் பெரும்பாலான சேவைகள் பாதிக்கப்பட்டன. ஒளியிழை வடங்கள் சரிவரப் பொருத்தப்படவில்லை. உறுதிப்பாட்டைக் காட்டிலும் வேகத்துக்கே வடிவமைப்பில் முதன்மை கொடுக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றிலும் கொடுமை, மீட்புப் பணிக்கு வேண்டிய கருவி மென்பொருட்களும் விழுந்த அதே சானிலேயே வைக்கப்பட்டிருந்தன. கிணற்றில் விழுந்தவனைத் தூக்கும் கயிறு கிணற்றுக்குள்ளேயே கிடந்தது. களஞ்சியம் முழுவதுமாக விழுந்தால் எவ்வாறு மீள்வது என்று அதற்கு முன்னர் ஒத்திகை பார்க்கப்பட்டிருக்கவும் இல்லை. வரி செலுத்துவோரின் தரவு எதுவும் இழக்கப்படவில்லை என்று பின்னர் அறிவித்தார்கள். அதனை அதிர்ஷ்டம் என்பேன்.

தென்கொரியாவுக்கு அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை. 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலங்களை இடமாற்றும் பணியின்போது தீ மூண்டது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட அரச சேவைகள் நின்றன. அவற்றுள் பல மெல்ல மெல்ல மீண்டன. மீளாதது ‘ஜி டிரைவ்’ என்ற பொதுக் களஞ்சியம். 858 டெராபைற் தரவு அதில் இருந்தது. அரச ஊழியர்கள் ஏறத்தாழ 125,000 பேர் அதனைப் பயன்படுத்தினர். வேலைக் கோப்புகளைச் சொந்தக் கணினியில் வையாது அந்தப் பொதுக் களஞ்சியத்திலேயே வைக்க வேண்டும் என்று ஊழியர்களுக்கு அரசு அறிவுறுத்தியிருந்தது. அவ்வாறு அறிவுறுத்திய அரசு, அக்களஞ்சியத்தின் கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியே படி வைக்கவில்லை என்றது! சொற்பேச்சுக் கேட்டவர்களே அதிகம் இழந்தார்கள். அரசின் ஆளணி விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சு எல்லா ஆவணங்களையும் அங்கேயே வைத்திருந்தது.

‘பெரிதாக இருப்பதால் படியெடுக்க முடியாது’ என்ற வாதத்தை விட்டுவைக்கக் கூடாது. தானியம் நிறையச் சேர்ந்துவிட்டதால் களஞ்சியத்துக்குக் கதவு போட முடியவில்லை என்று எந்தக் கமக்காரனாவது சொல்வானா? படியெடுக்க வழியில்லாத அளவுக்குச் சேர்ப்பதை எந்த அதிகாரி அனுமதித்தார் என்பதே அங்கு கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இவற்றுக்கெல்லாம் தீர்வு வெளிநாட்டு நிபுணர்களிடம் இருப்பதாக எண்ணுபவர்கள் நமது ஊர் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச் சட்டத்தின்கீழ் ஒரு காணி உறுதி எழுதப்படும்போது மூலம் உரியவரின் கைக்குப் போகிறது. இன்னொரு படி நொத்தாரிசிடம் தங்குகிறது. மூன்றாவது படியை அவர் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன்னர் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பத் தவறுவது சட்டப்படி குற்றம். மூன்று படிகள், மூன்று இடங்கள், மூன்று வெவ்வேறு பொறுப்பாளர்கள், ஒரு காலக்கெடு, ஒரு தண்டனை. கணினித் துறையினர் இன்று ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று ஒரு விதியைச் சொல்கிறார்கள். மூன்று படிகள், இரு வகை ஊடகங்களில், ஒன்றேனும் வேறிடத்தில் என்பது அதன் பொருள். அதனைக் கரியதாளும் மையும் கொண்டு நமது நொத்தாரிசுமார் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவருகிறார்கள்.

இடம்பெயர்வின்போது உறுதிப் பெட்டியைக் கைவிட்டு ஓடிய எத்தனையோ குடும்பங்களுக்கு, பிற்காலத்தில் தமது காணி தமதுதான் என்று நிறுவ உதவியது பதிவகத்திலிருந்த அந்தப் படிதான். பிறப்புப் பதிவு கிடைக்காமல் அனுமான வயதுச் சான்றிதழ் பெற்று வாழ்ந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் இருப்பது எரிந்தால் என்ன ஆகும் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் அறிந்துகொண்ட சமூகம் நாம். புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருப்பவர்களுக்கும் இது தூரத்துச் சங்கதி அல்ல. உங்கள் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் விவாகப் பதிவும் வருடப்பட்டு அரச கணினிகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன. தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் நிறைவேறினால் விரல் அடையாளமும் அவ்வழியே போகும்.

இன்னொன்று. படி இருந்தால் மட்டும் போதாது, அதனைத் திரும்பப் பெற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில் பழைய பக்கங்கள் யாவும் ரேப்புகளில் பத்திரமாக இருப்பதாகப் பல ஆண்டுகள் நம்பினார்கள். ரேப்புகள் இருந்தன. வெளியே முத்துமுத்தான கையெழுத்தில் திகதிகள் எழுதப்பட்டிருந்தன. ஒரு நினைவு மலருக்காகத் தேடியபோது அவற்றை வாசிக்கும் இயந்திரம் இல்லை. எங்கோ ஓர் இயந்திரத்தைப் பிடித்துச் சில ரேப்புகளைத் திறந்தபோது, பாமினியில் எழுதிய செய்திகள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாக வந்து விழுந்தன. கடைசியில் வாசகர் ஒருவர் பரண்மேல் சேர்த்து வைத்திருந்த பத்திரிகைக் கட்டிலிருந்துதான் மலர் வெளிவந்தது. (அந்த வாசகருக்கு மலரில் நன்றிகூடத் தெரிவிக்கவில்லை என்பது வேறு கதை.)

பணம் இல்லை என்ற பல்லவியை நான் முழுமையாக ஏற்கவில்லை. புதிய சான் வாங்கப் பணம் உண்டு. ஏனெனில் அதற்குக் கேள்விப்பத்திரம் உண்டு, திறப்பு விழா உண்டு, நாடா வெட்ட அமைச்சர் உண்டு. துண்டித்து வைக்கும் ஒரு ரேப்பை வேறு நகருக்கு அனுப்புவதிலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதனைத் திறந்து பார்ப்பதிலும் விழா எதுவும் இல்லை. அதனால்தான் அது நடப்பதில்லை.

மேகக் கணிமைக்கு மாறிவிட்டோம், இனிப் பயமில்லை என்று சொல்பவர்களும் உள்ளனர். 2023இல் விழுந்ததன் பெயரே ‘லங்கா அரச மேகம்’தான்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. தேசிய பாதுகாப்பு என்ற விலக்கைக் காட்டி அவர்கள் நழுவக்கூடும் என்பதால், கருவியின் வகையையோ கடவுச்சொல்லையோ கேட்க வேண்டாம். பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கும், ஆட்பதிவுத் திணைக்களத்துக்கும், பரீட்சைத் திணைக்களத்துக்கும் ஒரே கேள்வியை எழுதுங்கள்: ‘உங்கள் காப்புப் படியிலிருந்து தரவை முழுமையாக மீட்டெடுத்துச் சோதித்த கடைசித் திகதி எது, அச்சோதனையில் கையொப்பமிட்ட அதிகாரியின் பதவி எது?’ 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். நாட்டுப் பிரஜையாக உள்ள எவரும் கேட்கலாம். கேட்பதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. எனது மூன்று விண்ணப்பங்களையும் இந்த வாரம் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பற்றுச்சீட்டின் படியொன்று வீட்டிலும் இன்னொன்று மகளிடமும் இருக்கும்.