பத்தியத் தட்டில் ஒரு பர்மா முட்டை

சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்கு வழங்கப்படும் உணவுப் பட்டியலில் முட்டை பெரும்பாலும் இடம்பெறுகிறது. வீட்டில் அது ஏறக்குறைய ஒரே வடிவில்தான் தட்டுக்கு வருகிறது: உப்பில்லாமல் அவித்து, இரண்டாகப் பிளந்து வைத்த முட்டை. முதல் வாரம் நோயாளி அதை உண்கிறார். அடுத்த வாரம் பாதியை ஒதுக்குகிறார். அதற்கடுத்த வாரம் தட்டையே நகர்த்திவிடுகிறார். “பத்தியம் என்றால் அப்படித்தான் இருக்கும், மருந்தென்று நினைத்து விழுங்குங்கள்” என்று குடும்பத்தார் கூறுவது அக்கறையினால்தான். ஆயினும், நோயாளியின் உணவு சுவையற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்னும் அந்த எண்ணத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. தட்டில் தங்கிவிட்ட முட்டையால் எந்தப் புண்ணும் ஆறப்போவதில்லை.

இதில் இழப்பு சிறிதன்று. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. டயாலிசிஸ் செய்துகொள்வோரின் உடலிலிருந்து ஒவ்வொரு முறையும் புரதத்தின் மூலப்பொருள்கள் சிறிது வெளியேறிவிடுகின்றன. ஆகவே அவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். சோறும் இரசமும் மட்டுமே உண்டு இந்த அளவை எட்ட இயலாது. அறுவை சிகிச்சைக்குப் பின் தேறுவோருக்கும், காசநோய்க்கு மருந்து உட்கொள்வோருக்கும் புரதத் தேவை மிகுதி. (சிறுநீரகம் பழுதடைந்தும் டயாலிசிஸ் தொடங்காதவர்களின் நிலை வேறு, அவர்களுக்குப் புரதம் அளவோடுதான் அனுமதிக்கப்படும்.) மீன் விற்கும் விலையில், நம் பகுதியின் பல குடும்பங்களுக்கு எட்டும் புரதம் முட்டைதான்.

பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை வழங்கும் தமிழ்நாடு அரசே, 2013ஆம் ஆண்டு பலவகைச் சாதங்களோடு மசாலா சேர்த்த முட்டையையும் முன்னோட்டமாகத் தொடங்கியது. குழந்தைகளுக்கு வேண்டியிருந்த அந்த மாற்றம் நோயுற்ற பெரியவர்களுக்கும் வேண்டும்.

அதற்கு வழிகாட்டும் சமையல் நம் தெருக்களிலேயே இருக்கிறது. 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபின், பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். எண்ணூர்ப் பக்கம் பர்மா நகர் என்னும் பெயரும், 1969இல் கடற்கரை இரயில் நிலையத்திற்கு எதிரே உருவான பர்மா பஜாரும் அந்த வருகையின் அடையாளங்கள். அவர்கள் கைப்பொருளை இழந்து வந்தார்கள், கைப்பக்குவத்தை இழக்கவில்லை. அத்தோ, மொய்ங்கா, பேஜோ ஆகியவற்றோடு அவர்கள் வண்டிக்கடைகளில் விற்கத் தொடங்கியதுதான் ‘முட்டை மசாலா’. அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து, மிளகாய்த்தூளும் புளித்தண்ணீரும் விட்டுத் தருவார்கள். பர்மியச் சமையலில் சுவையின் பெரும்பகுதி பொரித்த பூண்டு, வெங்காயம், புளிப்பு, தழை ஆகியவற்றிலிருந்து கிடைக்கிறது. உப்பைக் குறைத்தாலும் இவற்றின் மணம் குறையாது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான சமையல் முறையை நான் அறியேன்.

வீட்டில் செய்வது எளிது. முட்டையைக் கொதிநீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, மஞ்சள் கரு முழுவதும் இறுகியபின் எடுங்கள். நான்கைந்து பல் பூண்டையும் ஒரு சிறு வெங்காயக் கைப்பிடியையும் மெல்லியதாக நறுக்கி, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் சிறு தீயில் பொன்னிறமாக்குங்கள். தீ மிகுந்தால் பூண்டு கருகிக் கசந்துவிடும். இந்தப் பண்டத்தில் பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான். மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை போதும். வாய்ப்புண் உள்ளவருக்கு அதுவும் வேண்டா. கொத்தமல்லித்தழையை நன்கு கழுவி, எண்ணெயிலேயே ஒரு புரட்டுப் புரட்டுங்கள். முட்டையை முழுதும் பிளக்காமல் கீறித் திணித்து, மேலே சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள். புளியில் பொட்டாசியம் உண்டு என்பதால் சிறுநீரக நோயாளிகளுக்கு எலுமிச்சையே மேல். பாஸ்பரஸ் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மஞ்சள் கருவை எடுத்துவிட்டு, அந்தக் குழியிலேயே மசாலாவை நிரப்பலாம். முட்டையின் பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது.

கடையிலிருந்து பொட்டலம் வாங்கி, மருத்துவருக்குத் தெரியாமல் நோயாளிக்கு ஊட்டும் அன்பர்களும் உண்டு. உடல்நலமுள்ளவர் வண்டிக்கடையில் உண்பதைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் அங்கே உப்பின் அளவு நம் கையில் இல்லை. அஜினமோட்டோவிலும் சோடியம் உண்டு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சீனப் பாணியில் சமைக்கிறோம் என்று ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ் ஊற்றினால், ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் அதிலேயே சேர்ந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் என்னும் வரம்பில் அது கிட்டத்தட்டப் பாதி. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதைச் சிறுநீரக நோயாளிகளுக்குக் கேட்காமல் வாங்கித் தராதீர்கள். சோடியத்திற்குப் பதிலாக அதில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். அது இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும்.

மெல்ல முடியாதவர்களுக்கும் வாய் புண்பட்டவர்களுக்கும் ஜப்பானியரும் சீனரும் செய்யும் ஆவி முட்டை ஏற்றது. அதற்குத் தனிப் பாத்திரம் வேண்டா, நம் இட்லிப் பானையே போதும். ஒரு முட்டையை அடித்து, அதைப்போல் இரு மடங்கு வெதுவெதுப்பான நீர் சேர்த்து, வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றி மூடுங்கள். சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இளந்தயிர்போல் உறைந்துவிடும். நடுவிலும் இறுகியிருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள். வெந்நீருக்குப் பதிலாக உப்பில்லாத காய்கறிச் சாறும் சேர்க்கலாம். நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் இந்த நீரையும் அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டும். மொய்ங்காவின் சாற்றுக்கும் இதே கணக்குத்தான். பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் இடர்ப்படுவோருக்குச் சிகிச்சையாளர் இசைவு தந்தபின் கொடுங்கள். வட ஆப்பிரிக்காவின் சக்சூக்காவோ நம் தக்காளித் தொக்கில் முட்டையை உடைத்து ஊற்றி வேகவைப்பது போன்றதே. பொட்டாசியம் கட்டுப்பாடு இல்லாதவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

வெளிநாட்டுப் பாணிகளில் ஒன்றை மட்டும் நம் நோயாளிகளின் தட்டில் அனுமதிக்கக் கூடாது: வேகாத முட்டை. கைப்பேசிக் காணொளிகளில் மஞ்சள் கரு வழிந்தோடுவதை அழகாகக் காட்டுகிறார்கள். நம்மூர் ஆஃப்பாயிலும் கலக்கியும் அதே இனம். கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோருக்கு அதிலுள்ள சால்மோனெல்லா கிருமி கடுந்துன்பம் விளைவிக்கக்கூடும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது நினைவிருக்கலாம்.

எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் இரயிலேறி வார்டுக்கு உணவு கொண்டுவருவோர், சமைத்த முட்டையை இரண்டு மணி நேரத்திற்குள் நோயாளி உண்ணும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் அந்த நேரமும் மிகுதி. காலையில் கொண்டுவந்த டப்பாவை மாலை வரை தலைமாட்டில் வைத்திருக்க வேண்டா. மீந்ததை உடன் இருப்பவர் அப்போதே உண்டுவிடலாம்.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, “முட்டை சாப்பிடலாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். வாரத்திற்கு எத்தனை, மஞ்சள் கருவோடா இல்லாமலா, நாளொன்றுக்கு எத்தனை சிட்டிகை உப்பு, புளி ஆகுமா என்று கேட்டு, உணவுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நீரிழிவோ இரத்தக் கொழுப்போ உள்ளவருக்கு மஞ்சள் கருவின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வந்தால், எங்களுக்கும் விளக்குவது எளிதாகும்.