கதவைத் தட்டும் அறிவிப்புகள்: யாழ் முஸ்லிம்கள் யோசிக்க வேண்டியவை

அண்மையில் என் உம்மாவின் தம்பி புத்தளத்தில் மௌத்தானார். சுபஹுக்கு முன்பே உயிர் பிரிந்திருக்கிறது. அஸருக்குப் பின் நல்லடக்கம் என்ற செய்தியை மச்சான் ஒருவர் காலை ஆறு மணிக்கே குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் போட்டுவிட்டார். யாழ்ப்பாணத்தில் வகுப்பறையில் நின்ற நான் அதைப் பார்த்தது பாடசாலை விட்ட பிறகுதான். என்ன வேகத்தில் வாகனம் பிடித்தாலும் புத்தளத்துக்குப் பல மணித்தியாலப் பயணம். மாமாவின் ஜனாஸாத் தொழுகை எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் நான் யார் மீதும் பழி போட முடியாது. அந்தக் குழுமத்தின் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தவன் நான்தான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான செய்திகள் வரும். ஜும்ஆ வாழ்த்துப் படங்கள், பயான் வீடியோக்கள், காணி விற்பனை, யாரோ இருவரின் அரசியல் வாக்குவாதம். அந்தக் குவியலுக்குள் மாமாவின் மௌத்தும் ஒரு வரியாகக் கிடந்தது. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இப்படியொரு அனுபவம் இருக்கும்.

இந்த வேளையில்தான் எமது இளைஞர்கள் சிலர் ஒரு யோசனையோடு வந்தார்கள். சமூகத்துக்கென ஒரு சிறிய இணையத்தளம் அமைத்து, அதிலிருந்து முக்கியமான அறிவித்தல்களை மட்டும் கையடக்கத் தொலைபேசியின் பிரௌசர் வழியாக நேரடியாக அனுப்பலாம் என்றார்கள். தளத்தைத் திறந்து வைத்திருக்காவிட்டாலும் அறிவிப்பு திரையில் வந்து விழும். தனியாகச் செயலி எதுவும் தேவையில்லை. பெரியவர்கள் சிலர், "வட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்டார்கள். வேறு சிலர், "எங்கள் பெயர்ப் பட்டியல் யார் கையில் போகும்?" என்று பயந்தார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு அறிவித்தல் என்ற சொல்லே கனமானது. 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. எனக்கு அப்போது பத்து வயது. விடுதலைப் புலிகளின் வாகனங்கள் சோனகத் தெருப் பக்கம் ஒலிபெருக்கியோடு வந்தன. எல்லோரும் ஒஸ்மானியா கல்லூரி மைதானத்தில் கூட வேண்டும் என்றார்கள். அங்கே போன பிறகுதான் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்ற கட்டளை தெரிந்தது. வாப்பா வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்த அறிவித்தல் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் எட்டியது. ஆனால் பதில் சொல்லவோ, மறுக்கவோ, காரணம் கேட்கவோ எங்களுக்கு இடமிருக்கவில்லை.

பதினான்கு வருடங்கள் கழித்து இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்ராவுக்கு அருகே கடலடி நிலநடுக்கம் ஏற்பட்டபோது இலங்கையில் காலை ஏழு மணி ஆகவில்லை. கிழக்குக் கரையை அலை தாக்க ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. வடமராட்சி கிழக்கு முதல் தெற்குக் கரை வரை மக்களை எச்சரிக்க எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

இரண்டு சம்பவங்களிலும் அதே இரண்டு மணித்தியாலம். ஒன்றில் அறிவித்தல் அதிகாரத்தின் ஆயுதமாக வந்தது. மற்றதில் உயிர் காக்கும் அறிவித்தல் வரவே இல்லை. ஆகவே அறிவிப்பு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியோடு நாம் நின்றுவிட முடியாது. யார் அனுப்புகிறார்கள், யாருடைய அனுமதியோடு, எந்த மொழியில், எவ்வளவு சீக்கிரம் என்பவைதான் உண்மையான கேள்விகள்.

மொழி பற்றிய கேள்வி 2025 நவம்பரில் மீண்டும் எழுந்தது. டித்வா சூறாவளியின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600க்கும் மேற்பட்டோர் பலியான அந்த நாட்களில், அரச எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாகவும் குறைவாகவும் வந்தன என்ற குறை பரவலாகப் பேசப்பட்டது. அரசிடம் நமது மொழியுரிமையைக் கேட்பது கட்டாயம். அதே வேளை, வந்த எச்சரிக்கையை உடனே தமிழாக்கி நம்மவர்களுக்குச் சேர்க்கும் ஒரு வழியும் நம் கையில் இருக்க வேண்டும்.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. 1990க்கு முன் யாராவது மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு தடவை சொன்னால் போதும். அந்தச் சத்தம் எட்டும் தூரத்துக்குள் முழுச் சமூகமும் வாழ்ந்தது. இன்று ஒரு குடும்பத்தில் அண்ணன் யாழ்ப்பாணத்தில், தங்கை புத்தளத்தில், மகன் கொழும்பில், பேரன் லண்டனில். எந்த ஒலிபெருக்கியும் அவ்வளவு தூரம் எட்டாது.

சரி, பிரௌசர் அறிவிப்பு எப்படி வேலை செய்கிறது? கூகுள் குரோமில் 2015 முதலும் பயர்பொக்ஸில் 2016 முதலும் இந்த வசதி இருக்கிறது. ஐபோனுக்கு 2023 மார்ச்சில்தான் வந்தது. அதிலும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்து வைத்தவர்களுக்கு மட்டும். தளம் முதலில் "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்கும். நீங்கள் அனுமதித்தால் மட்டுமே அது அனுப்ப முடியும். இதற்கு உங்கள் பெயரோ தொலைபேசி இலக்கமோ தேவையில்லை. வட்ஸ்அப் குழுமத்தில் உங்கள் இலக்கம் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும். இங்கே அது இல்லை.

அனுமதி கேட்டு நுழைவது நமக்குப் புதிய பாடமல்ல. பிறர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது என்பதை சூரத்துன் நூரின் 27ஆம் வசனத்தில் இருந்து மத்ரஸாப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் இணையத்தில் இந்த ஒழுக்கம் சீக்கிரமே கெட்டது. தளத்தைத் திறந்த நொடியிலேயே அனுமதி கேட்டுத் தொல்லை கொடுத்தார்கள். "நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அனுமதியுங்கள்" என்று ஏமாற்றிப் பின்னர் சூதாட்ட விளம்பரங்களைக் கொட்டினார்கள். தொல்லை பொறுக்காமல் 2020இன் தொடக்கத்தில் பயர்பொக்ஸும் குரோமும் இந்தக் கேள்வியை ஓரமாக ஒதுக்கி வைக்கத் தொடங்கின. ஒருவர் ஒரு தடவை "தடு" என்று அழுத்திவிட்டால் அந்தத் தளம் அவரிடம் மறுபடி கேட்க முடியாது. அவரே அமைப்புகளுக்குள் போய்த் திறந்துவிட வேண்டும். எனவே நம் இளைஞர்கள் தளத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கக் கூடாது. இன்ன அறிவித்தலுக்காகக் கேட்கிறோம் என்று விளக்கி, விரும்பியவர் பொத்தானை அழுத்திய பிறகே கேட்க வேண்டும்.

பட்டியல் பற்றிய பயத்துக்கு வருவோம். செய்தியின் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டே போகிறது. ஆனால் அது கூகுள், அப்பிள், மொசில்லா போன்றவற்றின் சேவையகங்கள் வழியாகத்தான் செல்லும். எந்தக் கருவிக்கு எப்போது அறிவிப்பு போனது என்ற விபரம் அங்கே தங்கலாம். அரசாங்கங்கள் அப்பிளிடமும் கூகுளிடமும் இந்த விபரங்களைக் கேட்பதாக அமெரிக்க செனட்டர் ரொன் வைடன் 2023 டிசம்பரில் பகிரங்கப்படுத்தினார். 2019 ஏப்ரலுக்குப் பின் இந்த நாட்டில் முஸ்லிம்கள் பட்ட சந்தேகப் பார்வையை நினைத்தால் இந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஜனாஸா, வெள்ளம், தண்ணீர் வெட்டு போன்ற பகிரங்க விடயங்களை மட்டும் அனுப்பினால் இழப்பதற்கு அதிகமில்லை. அந்த எல்லையைத் தாண்டக் கூடாது.

வட்ஸ்அப் போதும் என்பவர்களுக்கு 2018ஐ நினைவூட்டுகிறேன். அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி பரவியது. அது வெறும் மாவுத் திரள் என்று பரிசோதனையில் தெரிய முன்பே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்து திகன எரிந்தது. மார்ச் 7 அன்று அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் மூன்றையும் தடுத்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு 2019இலும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. நமது செய்தி முழுவதையும் ஒரே வாசலில் வைத்திருந்தால், அந்த வாசல் பூட்டப்படும் நாளில் நாம் இருட்டில் நிற்போம்.

அதே சம்பவத்தில் நமக்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வதந்தி சட்டைப் பைக்குள்ளேயே மணியடித்தால் அதன் வேகம் இன்னும் கூடும். செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை அனுப்பும் பொத்தானில் விரல் வைப்பவருக்கு முதலில் பொருந்தும்.

ஆகவே சில நிபந்தனைகளோடு இந்த முயற்சியை ஆதரிக்கலாம் என்பது என் கருத்து.

முதலாவது, மூன்று வகை அறிவித்தல்கள் மட்டும்: ஜனாஸா, அனர்த்த எச்சரிக்கை, காணி, வீடு, வாக்காளர் பதிவு போன்றவற்றின் இறுதித் திகதிகள். வாழ்த்து, விளம்பரம், அரசியல் எதுவும் கூடாது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி அனுமதி.

இரண்டாவது, ஒருவர் எழுத இன்னொருவர் சரிபார்த்தே அனுப்ப வேண்டும். ஜனாஸா என்றால் குடும்பத்தாரிடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். பிழை நேர்ந்தால் அதே வழியில் திருத்தமும் போக வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு அறிவிப்புக்கும் காலாவதி நேரம் வைக்க வேண்டும். தொலைபேசி அணைந்திருந்தால் அறிவிப்பு சேவையகத்தில் காத்திருந்து பிறகு வந்து சேரும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை அனுப்புபவரே குறிக்கலாம். அஸருக்கு நல்லடக்கம் என்ற அழைப்பு இஷாவுக்குப் பின் வந்து மணியடித்தால் அது வேதனையைத்தான் கூட்டும்.

நான்காவது, பழைய வழிகளைக் கைவிடக் கூடாது. பட்டன் தொலைபேசி வைத்திருக்கும் முதியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பெருமழையில் மின்சாரமும் சிக்னலும் போனால் எந்தப் பிரௌசரும் உதவாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும், குறுஞ்செய்தியும், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் பிள்ளையும் தொடர்ந்து தேவை.

முதல் ஆறு மாதங்களுக்கு ஜனாஸா அறிவித்தலோடு மட்டும் தொடங்குவோம். எத்தனை பேர் அனுமதித்தார்கள், எத்தனை பேர் பின்னர் நிறுத்தினார்கள் என்பதைப் பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன் வைப்போம். நிறுத்துபவர்கள் அதிகரித்தால் நாம் அதிகம் பேசிவிட்டோம் என்று அர்த்தம்.

மாமாவின் கபுறடிக்கு மறுநாள் போனேன். மச்சான் கோபமில்லாமல்தான் கேட்டார், "காலையிலேயே போட்டேனே, பார்க்கலையா?" என்று. என்னிடம் பதில் இருக்கவில்லை. அப்படியொரு கேள்வி இன்னொருவருக்கு வரக் கூடாது என்பதற்காகவாவது இதைச் சரியாகச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.