மின்சாரம் நின்ற நாளில் குடியானவர் வீட்டுப் பிள்ளை

மின்சாரம் குடியானவருக்கு வாய்த்த பெரிய சகாயம் என்பதை மறுப்பார் இல்லை. 1944-ம் வருஷத்தில் பாபநாசம் நீர்மின் நிலையம் வேலை தொடங்கியது முதல் தென்பாண்டிச் சீமையின் ஊர்களுக்குக் கம்பிகள் படிப்படியாக வந்து சேர்ந்தன. கமலையில் மாடுகள் பட்ட வருத்தமும், திருகையில் பெண்கள் பட்ட வருத்தமும் தீர்ந்தன. ஆயினும் புதிய சௌகரியம் ஒன்று வீட்டிற்குள் வரும்போது பழைய வித்தை ஒன்று வெளியேறிவிடுகிறது. மின்சாரம் சில நாட்கள் சேர்ந்தாற்போல் நின்றுவிடுமாயின், அவ்வித்தை அறியாத இளம் பிள்ளைகள் பிழைப்பது எங்ஙனம் என்பது நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் ஆலோசிக்கத்தக்க விஷயமாகும்.

இது வீண் பயமன்று. 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் பெய்த மழையை எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. வருஷ முழுதும் சுமார் 70 செ.மீ. மழையே காணும் கோவில்பட்டியில் ஒரு நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டியது. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் நின்ற கரிசற் காடுகள் குளமாயின. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ ஊர்களுக்கு மின்சாரமும் தொலைபேசியும் பல நாட்கள் இல்லாமற் போயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பிரயாணிகள் அகப்பட்டுக்கொண்டனர். ஆகாய மார்க்கமாக உணவு வந்து சேருமுன் அவர்களுக்குச் சமைத்து அன்னமிட்டவர்கள் அருகிலிருந்த புதுக்குடி ஊரார். வெளியுதவி வருவதற்கு முன் கழியும் முதல் இரண்டு மூன்று நாட்களில் மனிதரைக் காப்பது ஊரிலுள்ள கையிருப்பும் ஊராரின் கைப்பழக்கமுமே என்பது அன்று கண்கூடாயிற்று.

ஆற்றங்கரையில் நேர்ந்தது கரிசற் பூமியில் நேர்ந்தால் கஷ்டம் இன்னும் ஒருபடி அதிகமாகும். நனைந்த கரிசல் மண் காலையும் சக்கரத்தையும் விடாது பற்றிக்கொள்ளும்; தார்ச் சாலையை விட்டு இறங்கினால் வண்டி நகராது. நிலத்தடி நீரோ பல இடங்களில் உவர்ப்பு. கோவில்பட்டி நகரம் குடிக்கும் தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து மின் யந்திரங்களால் ஏற்றப்பட்டு வருவது. கிராமங்கள் பலவும் இத்தகைய குழாய்த் திட்டங்களையே நம்பியிருக்கின்றன. எனவே இப்பக்கத்தில் விளக்கு அணைந்தால் கூடவே தண்ணீரும் நிற்கிறது. மாவு அரைக்கும் யந்திரம் நிற்கிறது. தொலைபேசிக் கோபுரங்கள் தம் மின்கலம் தீர்ந்ததும் ஓய்ந்துவிடுகின்றன.

இந்நிலையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். தாயும் தகப்பனும் வெளியூர் சென்ற இடத்தில் வெள்ளத்தால் தடைப்பட்டனர். வீட்டில் இருப்பவர்கள் வயது முதிர்ந்த பாட்டியும் பதினாறு வயதுப் பிள்ளையும். குலுக்கையில் கம்பு இருக்கிறது. அதை இடித்துக் கூழாக்க அப்பிள்ளைக்குத் தெரியாது. தெருக்கோடியில் கிணறு இருக்கிறது. உருளையும் கயிறும் இல்லை. விறகு முற்றத்தில் நனைந்து கிடக்கிறது. பாட்டிக்கு எல்லாம் தெரியும். செய்வதற்குக் கையில் வலுவில்லை. பிள்ளைக்கு வலு உண்டு, வித்தை இல்லை. நிறைந்த வீட்டில் பட்டினி கிடப்பது என்பது இதுதான். பஞ்ச காலத்துப் பட்டினிக்கு மழையைக் குறை கூறலாம். இந்தப் பட்டினிக்குக் கற்பிக்கத் தவறிய பெரியவர்களையே குறை கூற வேண்டும்.

காற்றாலைகளும் சூரியப் பலகைகளும் மலிந்த இக்காலத்தில் இத்தகைய கவலை எதற்கு என்று கேட்பாரும் உளர். கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது மெய்யே. ஆனால் பொதுக் கம்பியோடு இணைந்த காற்றாலையும், அவ்வாறே இணைந்த கூரைச் சூரியப் பலகையும், அக்கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடும்படியே அமைக்கப்பட்டுள்ளன. கம்பியைப் பழுது பார்ப்பவரின் உயிரைக் காக்க இந்த ஏற்பாடு அவசியம். தனித்து இயங்கும் சூரிய இறைவை யந்திரமும், மின்கலம் உடைய விளக்கும் உதவும். வசதியுள்ளோர் அவற்றை அமைத்துக்கொள்வது நன்று. எண்ணெய் யந்திரம் எண்ணெய் உள்ளவரைதான் ஓடும்.

கம்பி அறுந்தால் இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்ற எண்ணமும் முழுதும் சரியன்று. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ல் வீசிய கஜா புயலில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து, சோழ நாட்டுக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2012-ம் வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின் தொடரே நிலைகுலைந்து, சுமார் 60 கோடி ஜனங்கள் வாழும் பிரதேசம் பாதிக்கப்பட்டது. தென்னாடு அப்பொழுது தப்பியதற்குக் காரணம், அதன் தொடர் வடநாட்டுத் தொடரோடு ஓரிணையாகச் சேராதிருந்ததே. 2013 டிசம்பர் 31 முதல் இரண்டும் சேர்ந்துவிட்டன. இந்தச் சேர்க்கையால் விளையும் நன்மை பெரிது. அதனோடு தூரத்துத் துன்பத்திலும் பங்கு உண்டாகிறது.

ஆகவே பிள்ளைகள் அறிய வேண்டுவன சிலவே. முதலாவது உயிர்க் காப்பு. அறுந்து கிடக்கும் கம்பியை, மின்சாரம் இல்லையென்று நம்பி நெருங்கலாகாது. எந்த நிமிஷமும் அது உயிர் பெறலாம். எண்ணெய் யந்திரத்தை வீட்டுக் கம்பியில் நேரே இணைத்தால் அம்மின்சாரம் தெருக் கம்பியில் ஏறி, பழுது பார்க்க வந்தவரைக் கொல்லக்கூடும். வெள்ளம் ஏறும் இரவில் மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். வெள்ளம் புகுந்த ஊருணியின் நீர் குடிக்கத் தகாது. கூரையில் விழும் மழையை, முதலில் வரும் அழுக்கு நீரை விலக்கி, சுத்தமான துணியில் வடிகட்டிப் பிடித்துக்கொள்ளலாம். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்தால் கலங்கல் தெளியும். ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது. நோய்க் கிருமி சாகக் கொதிக்க வைத்தே தீரவேண்டும். அதற்கு உலர்ந்த விறகு வேண்டும். ஆதலின் ஒரு கட்டுப் பருத்திமாராவது மழை படாத இடத்தில் எப்பொழுதும் இருக்க வேண்டும்.

மூன்றாவது உணவு. கம்பு, சோளம், குதிரைவாலி ஆகியவை இம்மண்ணுக்கு இசைந்த தானியங்கள். 1901-ல் ஏற்பட்ட கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இம்மண்ணின் மானாவாரிப் பயிர்களுக்காகவே நெடுங்காலம் உழைத்து வந்துள்ளது. விளைந்ததையெல்லாம் களத்திலேயே விற்றுவிட்டு அரிசிக்குக் கடையை எதிர்பார்ப்பது விவேகமன்று. ஒரு மாதத் தானியமாவது வீட்டில் இருப்பதும், அதை உரலிலும் திருகையிலும் பக்குவப்படுத்தப் பெண் பிள்ளைகளைப் போலவே ஆண் பிள்ளைகளும் பழகுவதும் நன்று.

இவற்றைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. செய்து பழக வேண்டும். வருஷத்திற்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒரு நாள் காலை முதல் மறுநாள் காலை வரை வீட்டு மின்சாரத்தை நிறுத்திவைத்து, அன்றைய தண்ணீரையும் சமையலையும் விளக்கையும் வீட்டுப் பிள்ளைகளின் பொறுப்பில் விடலாம். இது விளையாட்டுப் போலத் தோன்றக்கூடும். ஆனால் கயிறு இற்றிருப்பதும் திருகையின் பிடி கழன்றிருப்பதும் அன்றுதான் தெரியவரும். ஒரு நாள் அசௌகரியத்தில் அறிய வேண்டியதை ஆபத்துக் காலத்தில் அறிவது எவ்வளவு நஷ்டம்!

கிராம அதிகாரிகளின் கடமையும் உண்டு. அக்டோபர் 2-ல் கூடும் கிராம சபையில், ஊரில் வேலை செய்யும் அடிகுழாய்கள் எத்தனை, உருளையும் கயிறும் உள்ள நல்ல தண்ணீர்க் கிணறு எது, மேட்டில் உள்ள உறுதியான கட்டடம் எது, தனித்திருக்கும் முதியோரும் கைக்குழந்தையுடையோரும் எந்த வீடுகளில் இருக்கின்றனர் என்ற ஜாபிதாவைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். பழுதுபட்ட அடிகுழாயைச் சரிசெய்யும் செலவு, கவனிக்காது விட்டால் பின்னர் நேரும் துன்பத்தின் முன் மிகச் சிறியது.

மின்சாரத்தை வெறுத்துப் பழைய காலத்திற்குத் திரும்ப வேண்டும் என்பது இதன் கருத்தன்று. நல்ல குடியானவன் மேகம் கூடியிருக்கும்போதும் விதையில் ஒரு பங்கை மறு விதைப்புக்கென வைத்துக்கொள்வான். அதனால் அவன் மழையை நம்பவில்லை என்று ஆகாது. கைவித்தையும் அதுபோன்ற விதையிருப்பே. நிலத்தையும் மாட்டையும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் கரிசற் குடியானவர்கள், இந்த இருப்பையும் குறைவின்றி விட்டுச் செல்வார்களாக.